போலி விரிவுரையும் மெய்யான நகையும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களங்களை நான்கென வகுத்த தொல்காப்பியர், அவற்றுட் பேதைமையினையும் மடனையும் வேறுவேறாக வைத்து எண்ணினார். இவை இரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் ஒன்றல்ல. பேதைமையாவது அறிவின்மை. மடனாவது பிறர் புகட்டியதனை ஏற்று, ஏற்றதனை ஆராயாது விடாப்பிடியாகப் பற்றி நிற்றல். அறியாதவனைக் கண்டு நகுதல் எவர்க்கும் எளிது. அறிந்தவன்போல் மேடையில் நிற்பவனையும், அவன் குரலின் மிடுக்கிலே மயங்கி அவன் சொல்லை அறிவெனக் கொள்பவரையும் ஒருங்கே காட்டி நகைவிளைத்தல் அரிது. அவ்வரிய செயலைப் பேசும்படம் தோன்றிய தொடக்க நாளிலேயே செய்து முடித்த குறும்படம் ஒன்றுண்டு. றொபேட் பெஞ்ச்லி என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் எழுதி நடித்து 1928 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொலிப்பின் பாலியல் வாழ்வு' என்பதே அது.

இப்படத்திற் கதை என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. மாதர் கழகம் ஒன்றிலே அறிஞர் ஒருவர் விரிவுரை நிகழ்த்துகின்றார். நீரில் வாழும் சிற்றுயிராகிய பொலிப்பு எவ்வாறு காதல் புரிகின்றது, எவ்வாறு இனம் பெருக்குகின்றது என்பதே பொருள். விரிவுரை தொடங்குகின்றது, நடைபெறுகின்றது, முடிகின்றது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துள் அடங்கும் இப்படத்தைப் பொக்ஸ் நிறுவனத்தார் தம் 'மூவிற்றோன்' ஒலிப்பதிவு முறையில் தயாரித்தனர்; தோமஸ் சாமேர்ஸ் நெறிப்படுத்தினார். வீழ்வாரும் இல்லை, துரத்துவாரும் இல்லை, மாவப்பம் எறிவாரும் இல்லை. எனினும், பேணிக் காத்தற்குரிய படங்களென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தொகுத்துவரும் தேசியப் பதிவேட்டில் 2007 ஆம் ஆண்டில் இதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒரு மனிதன் நின்று பேசுவதொன்றையே கொண்ட படம் இத்துணைக் காலம் நிலைத்தமைக்குக் காரணம் யாது என்பது ஆராய்தற்குரியது.

இப்படம் விஞ்ஞானத்தை எள்ளுவது எனக் கூறிவிடுதல் எளிது. மேலோட்டமாக நோக்குவார்க்கு அங்ஙனமே தோன்றும். ஆயின், அது பிழைபட்ட கருத்தாகும். விஞ்ஞானத்தின் எந்த முடிபையும் படம் மறுக்கவில்லை. எந்த விஞ்ஞானியையும் இகழவில்லை. அது எடுத்து நகையாடுவது ஒரு தொனியினை. கற்றறிந்தோர் அவையிலே பேசும்போது தம்மையறியாமலே மேற்கொள்ளும் அத்தொனியினை. கல்வி அகன்றபின்னும் கல்வியின் நடை தனித்து நின்று தொழிற்படவல்லது என்பதே இப்படம் உணர்த்தும் உண்மை. உள்ளீடு அற்ற நெல்லும் உமியோடு கூடியே தோன்றும். தூற்றிப் பார்த்தால் அன்றிப் பதரெனத் தெரியாது.

அந்நடையினைப் பெஞ்ச்லி நன்கு அறிந்திருந்தார். 1889 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றவர். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான மீன்பிடி உரிமைப் பிணக்குப் பற்றி எழுதவேண்டியிருந்த ஆய்வுரையை, கொட் மீன் ஒன்றின் நோக்கிலிருந்து எழுதிக் கொடுத்தார் என்று அவர் மாணவப் பருவம் பற்றிக் கூறுவர். பிற்காலத்து அவர் ஆக்கங்கள் அனைத்துக்கும் வித்து இதனுள்ளே கிடக்கின்றது எனலாம். ஆய்வுரைக்குரிய உருவம் சிறிதும் பிறழாது நிற்க, உள்ளிருக்கும் நோக்கு மட்டும் இடம் மாறிவிடுகின்றது. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியராயிருந்துகொண்டே நகைச்சுவை நூல்கள் எழுதிய ஸ்ரீபன் லீக்கொக்கிடம் தாம் கற்றவை பல என்பதைப் பெஞ்ச்லி மறைத்ததில்லை. கல்விச் சாலையின் உட்புறத்தை அறிந்தவரே அதனை இவ்வாறு எள்ளவியலும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

பெஞ்ச்லியை மேடையேற்றியது ஒரு தற்செயல் நிகழ்ச்சி. நியூயோர்க் நகரத்து அல்கொன்குவின் விடுதியிலே நாள்தோறும் கூடிய எழுத்தாளர் குழுவினர், 1922 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் ஓரிரவு மட்டும் ஒரு கேளிக்கை நிகழ்ச்சி நடத்தினர். 'லைஃப்' என்னும் நகைச்சுவை ஏட்டில் நாடக விமரிசகராயிருந்த பெஞ்ச்லி அதிலே 'தனாதிகாரியின் அறிக்கை' என்னும் தனியுரையை நிகழ்த்தினார். சங்கம் ஒன்றின் தனாதிகாரி நோயுற்றமையால், அவருக்குப் பதிலாக உதவித் தனாதிகாரி எழுந்து ஆண்டுக் கணக்கைச் சபைக்குக் கூறுகின்றார். கூச்சம் ஒருபுறம், கணக்குப் புரியாமை மறுபுறம். தொகைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வழிதவறிச் செல்கின்றன. இதனைக் கேட்ட இசையமைப்பாளர் இர்விங் பேர்லின் தமது 1923 ஆம் ஆண்டு மேடை நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். வாரமொன்றுக்கு 500 டொலர் ஊதியமாயிற்று. ஓரிரவுக்கென எழுந்த உரை மாதக்கணக்காக மேடையில் நின்றது. 1928 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதனையே பொக்ஸ் நிறுவனம் பேசும்படமாக வெளியிட்டது. அதற்கு அடுத்ததாக அதே ஆண்டில் வெளிவந்ததே பொலிப்புப் படம்.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நுணுகி நோக்கத்தக்கது. உதவித் தனாதிகாரி தனக்குத் தெரியாது என்பதைத் தானே அறிந்தவன், அதனால் நடுங்குகின்றான். அவன்மீது எழும் நகையிலே இரக்கமும் கலந்திருக்கின்றது. அது பேதைமை பற்றிய நகை. பொலிப்பு பற்றிப் பேசுபவனோ தனக்குத் தெரியாது என்பதை அறியாதவன். இடையிடையே தடுமாறினும் தன் பொருளில் அவனுக்கு ஐயமில்லை. கேட்போரும் ஐயுறுவதில்லை. நகை இங்கே பேதைமையை விட்டு மடனுக்கு ஏறிவிடுகின்றது. முதற்படம் அச்சங்கொண்ட ஒருவனைக் காட்டிற்று; இரண்டாம்படம் அச்சமே இல்லாத ஒருவனைக் காட்டுகின்றது. இரண்டாவது கூடுதலான ஆழமுடையது. கூடுதலான அபாயத்தையும் சுட்டுவது.

பேசும்படத்தின் தொடக்க வரலாற்றோடு வைத்து நோக்கினால் இப்படத்தின் பொருத்தம் இன்னும் தெளிவாகும். 1926 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் வோர்னர் நிறுவனத்தார் தம் 'வைற்றபோன்' முறையை நியூயோர்க்கில் அரங்கேற்றியபோது, திரையிலே தோன்றி முதலிற் பேசியவர் படத்தொழிற் சங்கத் தலைவர் வில் ஹேஸ். அவர் ஆற்றியது ஒரு வரவேற்புரை. அதன்பின் மூவிற்றோன் செய்திப்படங்கள் புகழ்பெற்ற பெரியோரை நிறுத்திப் பேசவைத்தன. முசோலினி பேசினார், பேணாட் ஷோ பேசினார். ஊமையாயிருந்த திரை வாய்திறந்தவுடன் செய்த செயல் பாடுவதும் சொற்பொழிவாற்றுவதுமேயாம். திரையில் நின்று நேராக நோக்கிப் பேசும் உருவம் மதிப்புக்குரியது, நம்பத்தக்கது என்னும் வழக்கம் ஈராண்டுக்குள் மக்களிடத்து வேரூன்றிவிட்டது. அவ்வழக்கம் உறைந்து இறுகுமுன்னரே பெஞ்ச்லி அதே உருவத்திற் புகுந்து, அதே கண்ணியத்தோடு, பொருளற்றதைப் பேசிக் காட்டினார்.

அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவிகளின் குறைபாடும் அவருக்குத் துணையாயிற்று. படப்பிடிப்புக் கருவியின் இரைச்சல் பதிவாகாதிருத்தற்கு அதனை மூடிய அறைக்குள் வைக்கவேண்டியிருந்தது. ஒலிவாங்கியை விட்டு நடிகர் அகலவியலாதிருந்தது. ஊமைப்படம் ஓட்டத்தாலும் பாய்ச்சலாலும் அடைந்த அழகெல்லாம் இதனாற் கெட்டதென அறிஞர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயின், ஓரிடத்தில் நின்று பேசுவதே இயல்பாயுள்ள ஒரு மனிதனைப் பொருளாகக் கொண்டால் அக்குறை குறையாகாது. விரிவுரையாளன் நகராமல் நிற்பது கருவியின் கட்டாயமன்று. அவன் தொழிலின் இயல்பு. தடையாயிருந்ததையே உருவமாக்கிக்கொண்டமை இப்படத்தின் முதற் சிறப்பு.

ஊமைப்படத்தில் இந்நகை விளைந்திருக்காது. இந்நகை சொல்லிலே இருப்பதன்று. சொற்றொடர் செல்லும் வழியிலே இருப்பது. பெஞ்ச்லியின் வாக்கியம் உறுதியோடு புறப்படுகின்றது. இடைநடுவே ஒரு விதிவிலக்கு நினைவுக்கு வருகின்றது. விதிவிலக்குக்கு ஒரு விளக்கம் வேண்டியிருக்கின்றது. விளக்கத்தின் முடிவிலே தொடங்கிய எழுவாய் மறைந்துபோகின்றது. அந்நிலையிற் பேசுபவர் ஒரு சிறு புன்முறுவல் செய்து, கருத்து முற்றுப்பெற்றதாகக் கொண்டு அடுத்ததற்குச் செல்கின்றார். எழுத்தட்டையிற் பொறித்துக் காட்டினால் இது வெறும் பிழையாகத் தோன்றும். குரலின் ஏற்ற இறக்கத்தோடு கேட்கும்போதோ பொருள் இருந்தது போன்ற ஒரு நிறைவு செவிக்கு உண்டாகின்றது. பொருள் இல்லை என்பதை மனம் சற்றுப் பிந்தியே கண்டுகொள்கின்றது. செவி ஏமாந்ததற்கும் மனம் விழித்ததற்கும் இடைப்பட்ட அக்கணத்திலேயே நகை பிறக்கின்றது. ஆகவே, முதலில் ஏமாறுபவர் படத்திலுள்ள மாதர் அல்லர், படம் பார்ப்பவரே.

இம்முறையைப் பெஞ்ச்லி திரைக்கென்று புதிதாகக் கண்டறிந்தாரல்லர். அவர் 1921 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்றொகுதியிலே நியூற் என்னும் நீர்நில உயிரின் சமூக வாழ்வு பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. அவ்வுயிரின் ஆண், பெண்ணைத் தீண்டாது தொலைவில் நின்றே காதல் புரியும் என்பது அதன் பொருள். பெண்ணை அகற்றிவிட்டு அவ்விடத்திலே எழுத்தழிக்கும் இறப்பர்த் துண்டொன்றை வைத்து ஆராய்ந்ததாகவும், ஆண் வேறுபாடறியாது தன் காதலைத் தொடர்ந்ததாகவும் அதிற் கூறப்படும். நகைப்புக்கிடமான இச்சோதனையின் கட்டுக்கோப்பை நோக்கினால், அதிற் குறைகாண்பது அரிது. கருதுகோள் உண்டு; ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாது வைத்தல் உண்டு; நோக்கல் உண்டு; முடிபும் உண்டு. உரு முழுவதும் முறைப்படி அமைந்திருக்க, உள்ளே இருப்பது ஓர் இறப்பர்த் துண்டு. இக்கட்டுரையிற் கண்ட முறையே பின்னர்ப் படத்திற் பொலிப்பின்மேல் ஏற்றப்பட்டது.

பொலிப்பைத் தெரிந்தெடுத்தமையும் நுட்பமானது. முருகைக்கற்பாரைக் கட்டுவனவும் பொலிப்புகளே. குளத்துநீரில் வாழும் ஐதராவும் பொலிப்பே. ஐதரா பெரும்பாலும் அரும்புதலால் இனம் பெருக்குவது. தாயுடலின் பக்கத்திற் சிறு மொட்டாகத் தோன்றி வளர்ந்து பிரிந்துவிடும். காதலுக்கோ கலப்புக்கோ அங்கே இடமில்லை. புணரியால் இனம் பெருக்கும் வேளைகளும் உண்டு. சில இனங்களில் ஒரே உயிர் இருபாற் கலங்களையும் தோற்றுவிக்கும். பால் மாறுதலும் ஐதராவில் அறியப்பட்டதே. எனவே உண்மை உயிரியலே போதிய வியப்புடையது. விரிவுரையாளன் புளுகுகின்றான் என்பது நகைக்குக் காரணமன்று. கண்ணும் செவியும் மூளையும் அற்ற ஓர் உயிருக்கு நாணம், ஊடல், தூது ஆகிய மாந்தர் ஒழுக்கங்களை ஏற்றிக் கூறுவதும், அங்ஙனம் ஏற்றியதை உணராமையுமே காரணம். உயிரியல் கற்பிப்போர் தாமும் எளிமை கருதி இவ்வழுவைப் பலகாற் செய்வதுண்டு. எறும்பை உழைப்பாளி என்பதும் குயிலை வஞ்சகி என்பதும் இவ்வகையினவே.

இன்னொன்றும் கருதத்தக்கது. அக்காலத்து அமெரிக்க நன்மக்கள் சபையில் ஆண்பெண் உறவு பற்றிப் பேசுதல் வழக்கமன்று. விஞ்ஞானம் என்னும் போர்வை இருப்பின் பேசலாம். சிற்றுயிர் ஒன்றின்மேல் வைத்துப் பேசின் எவரும் முகஞ்சுளியார். பேசுபவரும் கேட்பவரும் ஒரு பொருளையே கருதிக்கொண்டு வேறொரு பொருளைப் பற்றிப் பேசுவதாகப் பாவனை செய்கின்றனர். படத்தில் அருவருப்பான சொல் ஒன்றேனும் இல்லை. பேசுபவர் நாணமும் நயத்தக்க நாகரிகமும் உடையவராகவே நிற்கின்றார். பாவனை வெளிப்படுகின்றதேயன்றி வரம்பு மீறப்படவில்லை. விரசமின்றி இப்பொருளைக் கையாண்டமை பெஞ்ச்லியின் அடக்கத்துக்குச் சான்று.

இப்படத்தின்மேற் கூறத்தக்க குற்றம் ஒன்றுண்டு. எதையும் நம்பும் அவைக்கு எடுத்துக்காட்டாக மாதர் கழகத்தைத் தெரிந்துகொண்டமையே அது. அமெரிக்க மாதர் கழகங்கள் பொழுதுபோக்குக் கூட்டங்களாக மட்டும் இருந்தனவல்ல. 1890 ஆம் ஆண்டில் அவை ஒன்றிணைந்து பொதுச் சம்மேளனம் ஒன்றை அமைத்தன. பல ஊர்களிற் பொது நூல்நிலையங்கள் தோன்றுதற்கும் அவையே காரணமாயின. பல்கலைக்கழகத்தின் கதவு தமக்கு முழுதுந் திறவாத காலத்திலே அறிவைத் தேடிக் கூடியவரை ஏமாளிகளாகக் கருதும் வழக்கம் அக்காலத்து நகைச்சுவையாளரிடம் மலிந்திருந்தது. பெஞ்ச்லியும் அவ்வழக்கத்துக்கு முற்றும் புறம்பானவரல்லர். எனினும், நகையின் பெரும்பாரம் மேடைமீதே விழுகின்றது என்பதையும் மறத்தலாகாது. கற்க விரும்பி வந்தவர் இகழத்தக்கவரல்லர். அவ்விருப்பத்துக்கு வெறுஞ்சொல்லைக் கொடுத்து அனுப்பியவனே இகழத்தக்கவன்.

போலி விரிவுரை என்னும் இலக்கிய வகையிலே பெஞ்ச்லிக்கு உரிய இடத்தை அறுதியிடச் செக்கோவின் 'புகையிலையின் தீங்கு' என்னும் ஓரங்கத் தனியுரையோடு ஒப்புநோக்குதல் தகும். 1886 ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து, பின்னர் ஆசிரியராற் பலமுறை திருத்தப்பட்டது அது. மனைவியின் கட்டளைப்படி புகையிலை பற்றிப் பேச வந்த நியூகின் என்பவன், அப்பொருளை விட்டுத் தன் முப்பத்துமூன்றாண்டு இல்வாழ்வின் அவலத்தைச் சபைமுன் கொட்டிவிடுகின்றான். மனைவி வந்துவிட்டாள் எனக் கண்டதும் மீண்டும் விரிவுரையாளனாகி விடுகின்றான். செக்கோவிடத்து விரிவுரை கிழிகின்றது. கிழிசலூடே ஒரு மனிதன் தெரிகின்றான். பெஞ்ச்லியிடத்து அது கிழிவதில்லை. பின்னால் ஒருவரும் தெரிவதில்லை. துன்பத்தைத் தொட்டு நகையை உயர்த்தும் ஆற்றல் செக்கோவுக்கு உரியது. அவ்வுயரம் பெஞ்ச்லிக்கு வாய்க்கவில்லை. ஆயினும், பின்னால் ஒருவரும் இல்லாமையே பெஞ்ச்லி காட்ட வந்தது. நியூகினைக் கண்டு இரங்கலாம். பொலிப்பு அறிஞரைக் கண்டு அஞ்சத்தான் வேண்டும்.

பின்னாளிற் பெஞ்ச்லி நாற்பதுக்கு மேற்பட்ட குறும்படங்களில் நடித்தார். அவற்றுள் 1935 ஆம் ஆண்டில் வந்த 'உறங்குவது எவ்வாறு' என்னும் படம் சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான அக்கடமிப் பரிசு பெற்றது. அதில் விளக்குபவரும் அவரே. உறக்கமின்றிப் புரள்பவரும் அவரே. நகை கூடிற்று, ஆயின் அதன் பெரும்பகுதி காட்சிக்குப் போய்விட்டது. சொல் தவறும்போது செயல் தாங்கிக்கொள்கின்றது. சொல்லொன்றே துணையாக, வேறு பிடியின்றி நின்ற பொலிப்புப் படத்தின் தூய்மை அதிலில்லை. பரிசு பெற்றது பின்னையதாயினும், போலி விரிவுரையின் இலக்கணத்தைக் காட்டுவது முன்னையதே.

இறுதியாக, மெய்யான பொலிப்பு விரிவுரையாளர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். ஹேக் நகருக்கு அண்மையில் பெருமகன் ஒருவரின் இரு புதல்வர்க்கு வீட்டாசிரியராயிருந்த ஆபிரகாம் திரெம்பிளே என்பவர் 1740 ஆம் ஆண்டில் நீரோடையில் எடுத்த பொலிப்பு ஒன்றை இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் இரண்டு உயிராயின. ஐரோப்பிய அறிவுலகம் இதை நம்ப மறுத்திருக்கலாம். அவர் குரலை உயர்த்தி வற்புறுத்தவில்லை. உயிருள்ள பொலிப்புகளைப் புட்டிகளில் இட்டுப் பரிசிலும் இலண்டனிலும் இருந்த அறிஞர்க்கு அனுப்பினார். நீரே வெட்டிப் பாரும் என்னும் குறிப்பு அதனுள் இருந்தது. 1744 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூலும் சோதனையைப் பிறர் தாமே செய்து பார்த்தற்கேற்ற விளக்கத்தோடு அமைந்தது. படத்திலுள்ள அறிஞரின் அவைக்கோ அவர் சொல்லையன்றி வேறு சான்றில்லை. சோதித்தறியும் வழி அவர்க்குக் கொடுக்கப்படவில்லை. இருவரும் பேசியது ஒரே சிற்றுயிரைப் பற்றித்தான். ஒருவர் கேட்போன் கையிலே பொலிப்பைக் கொடுத்தார். மற்றவர் தம் குரலை மட்டுமே கொடுத்தார். மேடையேறும் ஆசிரியர் எவரும், தாம் இறங்கிச் சென்றபின் மாணாக்கன் கையில் எஞ்சுவது எது என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுமாறு செய்வதே இச்சிறு படத்தின் பயனாம்.